கரப்பான் பூச்சி ஒழிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரப்பான் பூச்சி தீரவே இல்லை என்று வருந்துகிற பல வீடுகளில் மருந்துக்குக் குறைவே இருப்பதில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே ஸ்பிரே டப்பா, கதவோரம் சாக்பீஸ் கோடு, அலமாரியில் பாச்சை உருண்டை, சிங்க் குழாயில் ஊற்றிய பினாயில் என்று எல்லாம் இருந்தும் பூச்சி குறைவதில்லை. தம் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான், அது எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே மருந்தை வாங்கிவிடுவதுதான் இதற்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

சிறியது பெரியதன் குஞ்சு அல்ல

நம் வீடுகளில் முக்கியமாகக் காணப்படுபவை இரண்டு வகைகள். குளியலறையிலும் கழிவறையிலும் இரவில் தென்படும் செம்பழுப்பு நிறப் பெரிய கரப்பான், ஏறத்தாழ 4 செ.மீ. நீளம் வளரக்கூடியது, தலையை மூடியிருக்கும் கவசத்தின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் வளையம் தெரியும். இதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், பூர்வீகம் ஆப்பிரிக்கா. சமையலறையில் மிக்ஸிக்கு அடியிலும் ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் மடிப்பிலும் கூட்டமாக ஒளிந்திருக்கும் வெளிர்பழுப்பு நிறச் சிறிய கரப்பானோ 1.5 செ.மீ. அளவோடு நின்றுவிடும், அதன் கவசத்தில் இரண்டு கரிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். இது ஜெர்மன் கரப்பான். பெயர் ஐரோப்பாவைச் சொன்னாலும், சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்து, மனிதர் குடியிருப்புகளோடு பிணைந்துகொண்டது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

சிறியதைப் பார்த்து, ‘பெரிய கரப்பான் குஞ்சு பொரித்துவிட்டது’ என்று முடிவுகட்டுவதுதான் அடையாளம் காண்பதில் நிகழும் மிகப் பெரிய பிழை. இறக்கையைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கரப்பான் குஞ்சு எதற்கும் முழு இறக்கை இருக்காது. ஆகவே ஒன்றரை செ.மீ. நீளத்தில் முதுகை மூடிய இறக்கையோடு ஒரு பூச்சி ஓடினால், அது முழு வளர்ச்சி பெற்ற ஜெர்மன் கரப்பானாகவே பெரும்பாலும் இருக்கும். இறக்கையில்லாமல், கருநிற உடலின் முதுகு நடுவே வெளிறிய பட்டையோடு ஓடினால், அது அந்த ஜெர்மன் கரப்பானின் குஞ்சு. பெரிய வகையின் குஞ்சுகள் கோடுகள் இன்றி ஒரே சீரான செம்பழுப்பாக இருக்கும்.

மூன்றாவதாக, இறக்கையின் குறுக்கே வெளிறிய பட்டைகள் கொண்ட பழுப்புப்பட்டைக் கரப்பான் என்று ஒன்று உண்டு. அது ஈரத்தை அவ்வளவாகத் தேடாது. படங்களின் பின்புறம், மேல் அலமாரி, டி.வி. போன்ற மின் சாதனங்களின் உட்புறம் என வெதுவெதுப்பான உலர்ந்த இடங்களிலேயே தங்கும். சமையலறையில் மட்டும் மருந்து வைத்துவிட்டுப் படுக்கையறையில் பூச்சியைப் பார்ப்பவர்கள் இந்த வகையை நினைவில் கொள்ள வேண்டும். எப்போதாவது தென்படும் வெள்ளைக் கரப்பான் தனி இனமன்று. தோலுரித்துச் சில மணி நேரமே ஆன சாதாரணக் கரப்பான்தான் அது.

பூச்சியையே காணாத வீட்டிலும் எச்சம் உண்மையைச் சொல்லிவிடும். காப்பித்தூள் சிதறியதுபோல் அலமாரிக் கீல்களிலும் இழுப்பறை மூலைகளிலும் கரும்புள்ளிகள் தெரிந்தால் அங்கே ஜெர்மன் கரப்பான் தங்கியிருக்கிறது. பெரிய வகையின் எச்சம் சுண்டெலிப் புழுக்கையை ஒத்திருப்பதால் பலர் எலிப்பொறி வாங்கிவிடுகிறார்கள். சுண்டெலியின் புழுக்கை இரு முனைகளிலும் கூராகவும், கரப்பானின் எச்சம் முனை மழுங்கி வரிவரியாகவும் இருக்கும்.

சாக்கடைப் பூச்சிக்குச் சமையலறையில் மருந்து

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு இடங்களில் இருப்பதுதான். பெரிய கரப்பானின் உண்மையான வீடு கழிவுநீர்க் குழாயும் செப்டிக் டேங்கும் வாசலில் உள்ள சாக்கடைத் தொட்டியும் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் அவை நிரம்பும்போது பூச்சிகள் மேலே ஏறி வருகின்றன. வீட்டுக்குள் எத்தனை கொன்றாலும் வரும் வழி திறந்திருக்கும்வரை பயனில்லை. குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நின்று, சாக்கடையின் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும். வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே அந்தத் தடுப்பு நிலைத்திருக்கும். கை கழுவும் தொட்டியின் பிளாஸ்டிக் குழாய் தரைத்துளைக்குள் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும் இடம், வாஷிங் மெஷின் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், சாக்கடைத் தொட்டி மூடியின் உடைந்த ஓரம் ஆகியவற்றை ரப்பர் வளையத்தாலோ சிமென்ட்டாலோ அடைக்க வேண்டும். வளர்ந்த அமெரிக்கக் கரப்பான் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு 3 மி.மீ. இடுக்கிலும் நுழைந்துவிடும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். எனவே அடைத்தோம் என்று பெயருக்கு அடைத்தால் போதாது.

இந்தக் குழாய்களில் ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது தொட்ட பூச்சியை மட்டுமே கொல்லும். முன்பே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி, மூடிய குளியலறைக்குள் நிற்பவரின் நுரையீரலைப் பாதிக்கும்.

பெரிய கரப்பான் தன் முட்டைப்பையைச் சுமந்து திரிவதில்லை. உருவாகி ஓரிரு நாளில் அதைப் பரணில் உள்ள அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் கட்டு போன்றவற்றின் மடிப்பில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 15 முட்டைகள் இருக்கும். பரணைத் தொடாமல் தரைக்கு மட்டும் மருந்தடிப்பவர்கள் அடுத்த தலைமுறையை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். இத்தகைய வீடுகளில், வயிற்றைக் கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சுவரில் நடக்கும் கரிய சிறு குளவி ஒன்றைச் சிலர் பார்த்திருக்கலாம். அது கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை இட்டு உள்ளிருப்பதை அழிப்பது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. அதை அடித்துக் கொல்ல வேண்டாம்.

ஸ்பிரேயின் நிறைவு பொய்யானது

ஸ்பிரே அடித்ததும் நான்கு பூச்சிகள் மல்லாந்து துடிப்பதைப் பார்க்கும்போது வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஜெர்மன் கரப்பானைப் பொறுத்தவரை அது வேலையின் தொடக்கம்கூட அன்று. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் உள்ளவை பைரித்ராய்டு வகை மருந்துகள். உலகின் பல பகுதிகளில் ஜெர்மன் கரப்பான் இவற்றுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. சாகாமல் தப்பியவை மருந்தின் எரிச்சல் தாங்காமல் இடுக்குகளின் ஆழத்துக்கும் பக்கத்து அறைக்கும் கலைந்து போகின்றன. பெண் பூச்சி தன் முட்டைப்பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய்வரை உடலோடு சுமக்கிறது. அதற்குள் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பையின் ஓட்டைத் துளைத்து மருந்து உள்ளே போகாது. வெப்பமான நம் சமையலறைகளில் அந்தக் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முட்டையிடத் தயாராகிவிடுகின்றன. ஆகவே ஒரு முறை அடித்து, பத்து நாள் நிம்மதியாக இருந்து, மீண்டும் பூச்சியைக் கண்டு மருந்து போலி என்று நொந்துகொள்வது, பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கவனிக்காததால் வரும் ஏமாற்றம்.

இங்கே பயன் தருவது இரையாக வைக்கும் ஜெல் மருந்துதான். இமிடாக்ளோபிரிட், ஃபிப்ரோனில் போன்றவை கலந்த ஜெல் ஊசிக்குழல்களில் கிடைக்கிறது. தின்ற பூச்சி தன் மறைவிடத்துக்குத் திரும்பிச் சாக, அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளுக்கும் மருந்து போய்ச் சேருகிறது; வெளியே வராத குஞ்சுகளை எட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதிலும் தவறுகள் நேர்கின்றன. ஓரிடத்தில் பெரிய உருண்டையாக அப்பாமல், கீல்களின் உட்புறம், இழுப்பறையின் அடிப்பகுதி, ஃபிரிட்ஜ் மோட்டாரின் அருகே, சிங்க் அடிக்குழாய் சுவரைத் தொடும் இடம் என எச்சம் கண்ட இடங்களிலெல்லாம் மிளகளவுப் புள்ளிகளாக நிறைய வைக்க வேண்டும். காய்ந்தால் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெல் வைத்த இடத்தின் அருகில் ஸ்பிரே அடிக்கவோ பினாயிலால் துடைக்கவோ கூடாது. அந்த வாடை பட்ட இரையைக் கரப்பான் தொடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டிப்புப் பலன் என்ற எண்ணம், வாங்கிய ஜெல்லை வீணாக்குவதில்தான் முடிகிறது.

ஜெல் வைத்தும் பூச்சி தின்னாமல் விலகினால் வேறு நிறுவனத்தின் ஜெல்லுக்கு மாறிப் பார்க்கலாம். ஜெர்மன் கரப்பான்களில் சில கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசக்கத் தொடங்கிவிட்டது என்று 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இனிப்பு இரையைத் தின்றவை செத்துப்போக, அதை வெறுத்தவை பிழைத்துப் பெருகியதன் விளைவு அது.

வீட்டிலிருப்போரைப் பாதிக்கும் வழிகள்

பாச்சை உருண்டை என்று அழைக்கப்படும் நாஃப்தலின் கரப்பானை ஒழிப்பதில்லை; துணிமணியில் அந்துப்பூச்சியைத் தடுக்கத்தான் அது உதவும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கோ அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக்கூடும். பச்சிளங்குழந்தையின் துணிகளிடையே அதைப் போடவே கூடாது. பூச்சி சாக்பீஸ் எழுதும் சாக்பீஸைப் போலவே இருப்பதால் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள். கேரம் பலகைக்குத் தூவும் போரிக் ஆசிட் தூள் நல்ல பலன் தருவதுதான். ஆனால் குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய படலமாக, கை எட்டாத இடுக்குகளில் மட்டும் தூவ வேண்டும். கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து அதை உருண்டையாக்கித் தரையில் வைப்பது தவழும் குழந்தையுள்ள வீட்டில் ஆபத்து.

டைக்ளோர்வாஸ் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து வீடு முழுக்கத் தெளிக்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. இந்திய அரசு அதை 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்துவிட்டது; எவரேனும் பழைய இருப்பைத் தந்தாலும் வாங்கக் கூடாது. எரியும் அடுப்பின் அருகே ஸ்பிரே அடித்தால் தீப்பிடிக்கும், ஏனெனில் அந்த டப்பாவில் மருந்தை உந்தித் தள்ளும் வாயு எரியக்கூடியது. மீன் தொட்டி உள்ள வீட்டில் பைரித்ராய்டு தெளிப்பதாக இருந்தால் தொட்டியை மூடிக் காற்றுக்குழாயையும் நிறுத்தியாக வேண்டும். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரை அழைப்பவர்கள் கட்டணத்தோடு மருந்தின் பெயரையும், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ‘வாசனையில்லாத மருந்து’ என்பது பெயராகாது.

மின்சாரப் பிளக்கில் செருகும் ஒலிக்கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவை பயன்தரும் என்ற விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்துவிட்டது.

துடைத்த மேடையும் சொட்டும் குழாயும்

சமையல் மேடையைப் பளபளவென்று துடைத்துவிட்டு, கேஸ் அடுப்பின் அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும், மிக்ஸியின் அடிப்பாகத்தில் காய்ந்த சட்னியையும், கிரைண்டர் ஓரத்து மாவையும் அப்படியே விடுவது நம் வீடுகளில் சாதாரணம். ஜெல்லைத் தின்ன வேண்டிய பூச்சிக்கு வேறு விருந்து கிடைத்துவிடுகிறது. உணவைவிட முக்கியமானது தண்ணீர். வளர்ந்த பெண் ஜெர்மன் கரப்பான் தண்ணீர் இருந்தால் உணவின்றி ஒரு மாதத்துக்கும் மேல் உயிர்வாழும். தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும். எனவே சொட்டும் சிங்க் குழாயைச் சரிசெய்வதும், இரவில் சிங்க்கைத் துடைத்து உலர விடுவதும், ஃபிரிட்ஜின் பின்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதும் ஸ்பிரேயைவிடப் பெரிய மருந்து. இவற்றைச் சிறு வேலை என்று எண்ணிவிடக் கூடாது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியில் கலந்து குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன என்பதால், செத்த பூச்சியை அகற்றிய பிறகும் அந்த மூலைகளைச் சோப்பு நீரால் கழுவியே ஆக வேண்டும்.

ஜெர்மன் கரப்பான் பெரும்பாலும் நாமே தூக்கி வரும் விருந்தாளி. மளிகை வந்த அட்டைப்பெட்டியைச் சமையலறையிலேயே சேமிப்பதும், பழைய ஃபிரிட்ஜையோ மைக்ரோவேவையோ வாங்கிப் பார்க்காமல் உள்ளே வைப்பதும் அதற்கு வழிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டார் மட்டும் மருந்து வைத்தால் குழாய்கள் மேலிருந்து கீழாகச் செல்லும் பொது இடைவெளியின் (டக்ட்) வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து மீண்டும் வந்துவிடும்; ஒரே டக்டைப் பகிரும் வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் செய்வதே சரி.

ஒழிந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதும் ஒரு தவறு. கரப்பான் இரவுப் பூச்சி. பகலில் காணவில்லை என்பதற்குப் பொருளே இல்லை, பகலிலேயே தென்பட்டால் ஒளிய இடமில்லாத அளவு பெருகிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். பசைப்பொறி அட்டைகளை அடுப்பின் பின்புறம், சிங்க்கின் அடியில், ஃபிரிட்ஜின் பக்கத்தில் சுவரோரமாக வைத்து, தேதி எழுதி, வாரந்தோறும் விழுந்தவற்றை எண்ணிக் குறிக்க வேண்டும். எந்த அட்டையில் குஞ்சுகள் அதிகம் விழுகின்றனவோ அதன் அருகில்தான் மறைவிடம் இருக்கிறது. அடுத்த ஜெல் அங்கேதான் போக வேண்டும். எல்லா அட்டைகளும் தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் வெறுமையாக இருந்த பிறகே மருந்தை நிறுத்தலாம்.