பென்டகனின் சீன ராணுவ அறிக்கையை வாசிக்கும் முறை

சீனாவின் ராணுவ வளர்ச்சி பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் தன் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். 2000ஆம் நிதியாண்டின் தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம், 1202ஆம் பிரிவில் இதைக் கட்டாயமாக்கியது. ரகசியப் பிரதி உறுப்பினர்களுக்குப் போய்விடும். பொதுப் பிரதியை இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். செய்தித் தலைப்போடு நிற்காமல் அதைத் திறந்துவிடுங்கள்.

முதலில் தேதி. 2024 அறிக்கை வெளியானது டிசம்பர் 18 அன்று. ஆனால் அதில் வரும் ‘600க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள்’ அந்த ஆண்டின் நடுப்பகுதி நிலவரம். எந்த எண்ணைக் குறித்தாலும் அது எப்போதைய கணக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்து, வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல். அமெரிக்க உளவு அமைப்புகளின் அளவுகோலில் ‘லைக்லி’ (அநேகமாக) என்றால் 55 முதல் 80 சதவீத வாய்ப்பு. ‘ஆல்மோஸ்ட் செர்ட்டன்லி’ (ஏறக்குறைய உறுதியாக) என்றால் 95க்கு மேல். 2020 அறிக்கை, ராணுவத் தளவாட வசதிகளுக்காகச் சீனா ‘பரிசீலித்திருக்கக்கூடும்’ (லைக்லி கன்சிடர்ட்) என்ற பட்டியலில்தான் இலங்கையைச் சேர்த்தது. அதை ‘இலங்கையில் சீன ராணுவத் தளம் வருகிறது’ என்று எழுதினால் அது அறிக்கை சொல்லாத சேதி.

அதிகம் பேர் சறுக்குவது பின்னிணைப்பு அட்டவணையில். ஏவுகணைப் படைக்கு அங்கே இரண்டு எண்கள் இருக்கும்: ஏவுகருவிகள், ஏவுகணைகள். 2024 அட்டவணைப்படி கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 400, அவற்றுக்கான ஏவுகருவிகள் 550. சைலோ எனப்படும் நிலத்தடிக் குழிகளும் ஏவுகருவிக் கணக்கில் சேர்வதால், ஏவுகணை இறக்காத குழியும் எண்ணப்படுகிறது. நடுத்தூர வகையில் நிலைமை தலைகீழ்: 300 ஏவுகருவிகள், 1,300 ஏவுகணைகள். ஏவுகருவியாக இருக்கும் ஒரே வண்டி மறுபடி மறுபடி ஏவ முடியும் என்பதால் இருப்பு அதிகம். அட்டவணையின் எந்த நெடுவரிசையிலிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லாத எண்ணால் பயனில்லை.

ஒரே ஆண்டின் அறிக்கையை மட்டும் படிக்காதீர்கள். 200ஐச் சற்றுத் தாண்டியிருந்த அணு ஆயுதங்கள் பத்தாண்டில் குறைந்தது இரட்டிப்பாகும் என்றது 2020 அறிக்கை. 2022 அறிக்கையிலேயே 400 தாண்டிவிட்டது. கணிப்பைக் கணிப்பாகவே மேற்கோள் காட்டுங்கள்.

கடற்படை எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை தேவை. 2021இல் சுமார் 355 கப்பல்கள் என்றிருந்தது 2022இல் சுமார் 340 ஆனது. சீனக் கடற்படை தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்: 22 பழைய கார்வெட் (சிறிய போர்க்) கப்பல்கள் கடலோரக் காவல் படைக்குக் கைமாறின, அவ்வளவுதான். எனவே கடற்படை எண்ணைப் பார்த்த கையோடு, காவல் படைக்கான வரிசையையும் பாருங்கள்.