தொடை வழியாக வால்வு: வீட்டார் செய்யும் தவறுகள்

"நெஞ்சைத் திறக்க வேண்டாமாம், தொடை வழியாவே வால்வு வச்சிடுவாங்களாம்." அத்தைக்கு 78 வயதில் டாவி (TAVI), அதாவது ரத்தக்குழாய் வழியே இதய வால்வு வைக்கும் சிகிச்சை முடிவானபோது வீட்டில் எல்லோரும் இதைத்தான் சொன்னோம். சொன்னதில் தப்பில்லை. அதோடு கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

அதற்கும் முன்பே ஒரு தவறு நடந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அத்தை சொன்னபோதெல்லாம் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிட்டோம். கோயில் படியில் மயங்கி விழுந்த பிறகுதான் எக்கோ எடுத்தோம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வு கால்சியம் படிந்து கடுமையாகச் சுருங்கியிருந்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்று தொடங்கிவிட்டால் தள்ளிப்போட நேரம் கிடையாது. அறுவை சிகிச்சையே தாங்காது என்று சொல்லப்பட்டவர்களை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் 30.7 சதவீதம். சுருங்கிய வால்வை மாத்திரை திறக்காது.

அடுத்து, இதை ஸ்டென்ட் வைப்பது போல நினைப்பது. பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. சுருட்டிய புது வால்வை ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய், பழையதற்குள்ளேயே விரித்து, அதை ஓரமாக நசுக்கி ஒதுக்குகிறார்கள். பெரிய ரிஸ்க்குகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கால்சியத் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கரடுமுரடான கால்சியத்தில் புது வால்வு சரியாக ஒட்டி உட்காராவிட்டால் ஓரக் கசிவு. இதயத்தின் மின்பாதை வால்வை ஒட்டியே போகிறது. அது அழுந்தினால் துடிப்பு குறைந்து பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரலாம்.

இந்தப் பேஸ்மேக்கர் விஷயத்தை முன்கூட்டியே கேட்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 2019இல் வந்த இரண்டு ஆய்வுகளில், பலூனால் விரியும் வால்வு வைத்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கும், தானாக விரியும் வால்வு வைத்தவர்களில் 17.4 சதவீதம் பேருக்கும் ஒரு மாதத்துக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. இரண்டும் தனித்தனி ஆய்வுகள் என்பதால் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் "எந்த வகை வால்வு, அது ஏன் இவருக்கு?" என்று கேளுங்கள். பழைய ஈசிஜியையும் காட்டுங்கள். மின்பாதையின் வலது கிளையில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

60 வயதுக்காரர் "எனக்கும் அதே போதும்" என்று அடம்பிடிப்பதும் சரியில்லை. டாவி வால்வு விலங்குத் திசுவால் ஆனது, நாளடைவில் தேயும். 2020 அமெரிக்க வழிகாட்டுதல் பொதுவாக 65க்குக் கீழே அறுவை சிகிச்சை, 80க்கு மேலே டாவி, இடையில் பேசி முடிவு என்கிறது. தேய்ந்தால் உள்ளே இன்னொரு வால்வு வைக்க இடமிருக்குமா என்று முதல் முறையே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. உலோக வால்வு வைத்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது இதற்குப் பொருந்தாது. வேறு மருந்து தேவைப்படும் காரணம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரின் ஒன்றே போதும். 2020இல் வந்த ஓர் ஆய்வில் அதோடு குளோபிடோக்ரல் என்ற இன்னொரு உறைதடுப்பு மாத்திரையும் சேர்த்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு. ஆஸ்பிரின் மட்டும் என்றால் 15.1. ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, நம் வேலை இல்லை.

ஏழாவது மாதம் அத்தைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனோம். "இதயத்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சாம்மா?" என்று பல் டாக்டர் கேட்டார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், "ஆபரேஷன் எல்லாம் இல்லப்பா, தொடையில ஒரு ஊசிதான்" என்றார். நான் பதறிப்போய் வால்வு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் கையிலிருந்த குறடைக் கீழே வைத்துவிட்டார். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குவதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாக வேண்டும். இதய டாக்டரிடம் பேசி, மருந்து கொடுத்து, வேறொரு நாள்தான் பிடுங்கினார். வீட்டில் பீரோவுக்குள் கிடந்த, வால்வு விவரம் எழுதிய அட்டை இப்போது அத்தையின் சுருக்குப்பையில் இருக்கிறது.