பழைய லெப்டொப்புக்கு எஸ்.எஸ்.டி.யும் ரேமும்: வாங்க முன்னம் பார்க்க வேண்டியது, போடும் முறை

"லெப்டொப் சரியான ஸ்லோ, என்ன மாற்றலாம்?" என்று கேட்டால் ஒருவர் ரேம் (ஓடுகிற புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கிற மெமரி) போடச் சொல்வார், இன்னொருவர் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடுகிற வேகமான டிஸ்க்) என்பார், மூன்றாமவர் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடச் சொல்வார். மூவரும் தங்கள் மெஷினில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மெஷின் என்னவென்று நீங்கள் சொல்லாததால் அவர்களுக்கு வேறு வழியில்லை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கிற எங்களுக்கு இதில் காசும் அடங்கியிருக்கிறது. இங்குள்ள கடையில் இல்லாமல் கொழும்பு யூனிட்டி பிளாசா கம்பியூட்டர் கடைகளில் சொல்லி எடுப்பித்த ரேம் பொருந்தாவிட்டால், அதை அனுப்பி மாற்றி எடுக்கிற செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான். ஆகவே இந்தப் பதிவில் பாதி, வாங்க முன்னம் செய்கிற வேலை பற்றியது. அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதல் வேலை: எங்கே இறுகுகிறது என்று பாருங்கள்

மெஷினை வழக்கம்போலப் பாவியுங்கள். பிரவுசரில் நாலைந்து டாப், வேர்ட், ஒரு வீடியோ வகுப்பு, எது உங்கள் நாளாந்த வேலையோ அது. அது இழுபடத் தொடங்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போங்கள்.

டிஸ்க் 100 வீதத்திலேயே நின்று, அது ஹார்ட் டிஸ்க்காகவும் இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். மெமரி 85, 90 வீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இரண்டும் ஒன்றாக நடப்பதும் உண்டு, ஏனென்றால் ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும், அப்போது டிஸ்க்கும் சேர்ந்து திணறும். இரண்டும் குறைவாக இருக்க சி.பி.யு. மட்டும் எந்நேரமும் உச்சத்தில் நின்றால் காசைச் செலவழிக்காதீர்கள். எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று முதலில் தேடுங்கள், விசிறியில் தூசி அடைத்துச் சூடாகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், மொடலை எழுதி வையுங்கள்

"லெனோவோ, ஐ5" என்று சொன்னால் யாராலும் சரியான பதில் தர முடியாது. எங்கள் பக்கம் கையில் இருப்பவற்றில் நிறைய, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து வந்த செகண்ட் ஹான்ட் மெஷின்கள். அவற்றில் ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே எல்லாம் மாறிவிடும். திங்பேட் டி440எஸ் மொடலில் 4 ஜி.பி. ரேம் மதர்போட்டிலேயே (உள்ளே இருக்கிற முதன்மைப் பலகை) ஒட்டப்பட்டிருக்கும், கூடப் போட, ரேம் செருகுகிற ஸ்லொட் ஒன்றுதான் உண்டு. டி440பி மொடலில் இரண்டு ஸ்லொட், இரண்டையும் கழற்றி மாற்றலாம். பெயரில் வித்தியாசம் கடைசி எழுத்து மட்டும். டி440எஸ் வைத்திருப்பவர் 8 ஜி.பி. ரேம் இரண்டு வாங்கினால் ஒன்று மேசையில்தான் கிடக்கும்.

அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் அழிந்திருந்தால் ரன் பெட்டியில் (விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும்) எம்.எஸ்.இன்போ32 என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள், மொடல், புரொசெசர், பயோஸ் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடுகிற மென்பொருள்) எல்லாம் வரும். சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் ரேமின் வகையையும் வேகத்தையும் ஸ்லொட் வாரியாகச் சொல்லும். இவற்றை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டும்.

ரேம் தெரிவு

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்குப் பதில் ஒன்று போட முடியாதவை, ரேமின் ஓரத்தில் வெட்டு இருக்கும் இடமே வேறு. ஆட்கள் பிழைவிடுவது டி.டி.ஆர்.3க்கும் டி.டி.ஆர்.3எல்லுக்கும் இடையில். இரண்டும் ஒரே ஸ்லொட்டில் இறங்கும். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். இன்டெல் நாலாம் தலைமுறை புரொசெசர் உள்ள லெப்டொப்புகள் பெரும்பாலும் 1.35 வோல்ட் ரேமைத்தான் கேட்கும், மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். எல் ரேம் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும், ஆகவே சந்தேகம் இருந்தால் எல் வகையையே எடுங்கள்.

இரண்டு ரேமும் வேறு வேறு வேகம் என்றால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். அது பெரிய நட்டமில்லை. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் மட்டும் கவனம்: வழக்கமான 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் பிரயோசனம் இல்லை.

எஸ்.எஸ்.டி. தெரிவு

ஒரேயொரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது, மெஷினில் இருப்பது ஹார்ட் டிஸ்க், ரேமும் 4 ஜி.பி.யாவது உண்டு என்றால் என் பதில் எப்போதும் எஸ்.எஸ்.டி. தான். லெப்டொப் ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய பைலை செக்கனுக்கு சுமார் 100 எம்.பி. வேகத்தில் வாசிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கின் அதே கனெக்டரைப் பாவிக்கிற வகை) 500 எம்.பி.க்கு மேல் வாசிக்கும். ஆனால் ஐந்து மடங்கு என்ற அந்தக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்களைத் தேடி எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் தலை ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி, தட்டு சுற்றிவரக் காத்திருக்க வேண்டும், அதனால் செக்கனுக்கு நூறளவில்தான் எடுக்கும். எஸ்.எஸ்.டி.க்கு அசையும் பாகமே இல்லை, அது அதே செக்கனில் பல்லாயிரம் எடுக்கும். சாட்டா 2 என்ற வேகம் குறைந்த பழைய இணைப்புள்ள மெஷினிலும் எஸ்.எஸ்.டி. போட்ட அன்றே ஆளுக்கு வித்தியாசம் விளங்குவது இதனால்தான்.

உங்கள் ஹார்ட் டிஸ்க் 2.5 அங்குலம் என்றால் அதே அளவு சாட்டா எஸ்.எஸ்.டி. நேராக இறங்கும். எம்.2 ஸ்லொட் (சின்னப் பட்டி போன்ற எஸ்.எஸ்.டி. செருகுகிற இடம்) இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையை ஏற்குமா என்று மொடலின் மனுவலில் பாருங்கள், வடிவம் ஒன்றாகத் தெரிந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி. என்று விற்பதை வாங்காதீர்கள், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் டிரைவ்கள் சந்தையில் உண்டு. வொரண்டியைக் கடையிலேயே எழுதி வாங்குங்கள்.

திறக்க முன்னம்

படங்கள், ஆவணங்கள், கெம்பஸ் அசைன்மென்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் கொப்பி எடுங்கள். வந்தாறுமூலை கெம்பஸிலோ ஒலுவில் கெம்பஸிலோ இறுதி வருடம் படிக்கிற பிள்ளையின் ஆய்வறிக்கை ஒரே இடத்தில் இருக்க, அந்த மெஷினைத் திறப்பது கூடவே கூடாது. டிஸ்க்கில் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் ரிகவரி கீயையும் எழுதி வையுங்கள்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதுக்கு மாற்ற குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, யூ.எஸ்.பி. சாட்டா கேபிள் ஒன்று தேவை. அது பழகாதவருக்குக் கொஞ்சம் கடினம். 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போடுவது சுத்தமான வழி, எனக்கு அதுதான் விருப்பம். ஒரு விஷயம்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் கேட்கிறது. அது இல்லாத மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள்.

போடுவது

1. ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பெட்டரியையும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற பெட்டரி என்றால் மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

2. எந்தத் துளையில் எந்த ஸ்குரூ என்று ஒரு தாளில் வரைந்து அதிலேயே ஒட்டி வையுங்கள், நீளம் வேறுபடும். நீளமான ஒன்றைப் பிழையான துளையில் முறுக்கினால் மதர்போட் பழுதாகலாம்.

3. உள்ளே கை வைக்க முன்னம் வெறும் உலோகம் ஒன்றைத் தொடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட நாளில் இதை மறக்கவே கூடாது, உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் ரேமைக் கொன்றுவிடலாம்.

4. ரேமைச் சாய்வாகச் செருகி, தங்கநிறத் தொடுகைகள் முழுதாக உள்ளே போனதும் கீழே அமத்துங்கள். இரு பக்கக் கிளிப்பும் டிக் என்று பிடிக்க வேண்டும். நாவலடி, காத்தான்குடி, பாண்டிருப்பு என்று கடலோரத்தில் இருக்கிற மெஷின்களில் உப்புக்காற்றால் பழைய ரேமின் தொடுகை மங்கியிருக்கலாம், பென்சில் அழிறப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

5. எஸ்.எஸ்.டி.யை பழைய டிஸ்க்கின் பிறேமில் பூட்டி அதே இடத்தில் செருகுங்கள்.

முதல் தடவை திரை வர வழக்கத்தைவிட நேரமெடுக்கலாம், பயப்படாமல் பொறுத்திருங்கள். வரவே இல்லை என்றால் ரேமைக் கழற்றித் திரும்பப் போடுங்கள், இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ரேம் ஸ்லொட்டில் சரியாக இருக்காததுதான் காரணம். வந்த பிறகு பயோஸில் முழு ரேமும் காட்டுகிறதா என்று பார்த்து, இரவில் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் வொரண்டி நாட்களுக்குள் கொண்டுபோய் மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் ஒன்று செய்யுங்கள்

ஆலோசனை கேட்டவர்களில் கனபேர் சாமான் வாங்கியதும் காணாமல் போய்விடுகிறார்கள். பதில் சொன்னவருக்கு அது சரிவந்ததா என்று தெரியாது, அடுத்தவருக்கும் அதையே சொல்கிறார். மொடலின் முழுப் பெயர், போட்ட ரேமின் வகையும் வோல்ட்டும், எஸ்.எஸ்.டி.யின் மொடல் இலக்கம், கொடுத்த விலை, முன்பும் பின்பும் விண்டோஸ் திறக்க எடுத்த செக்கன், இவ்வளவையும் எழுதுங்கள். ரேம் போட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், வாழைச்சேனையிலோ நிந்தவூரிலோ அதே மொடலை வைத்துக்கொண்டு வாங்குவதா விடுவதா என்று யோசிக்கிறவருக்குத் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்.