பிறந்த குழந்தையிடம் போதைமருந்து விலகல் அறிகுறிகள்: ஸ்கோர் போடப் பழகுவோம்

கர்ப்ப காலத்தில் தாய் ஹெராயின், மெத்தடோன், புப்ரினார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளை (அபின் வகை மருந்துகளை) எடுத்திருந்தால், தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். கொடியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். ஆனால் உடம்பு பழகிப்போயிருக்கும். நடுக்கம், ஓயாத அழுகை, தும்மல், வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால் வருவதுதான். பச்சிளங்குழந்தை வார்டுக்குப் புதிதாக டியூட்டிக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்கு அவர் நம்பியிருப்பது நீங்கள் சார்ட்டில் எழுதும் எண்ணை.

படி 1: எந்த மருந்து, கடைசியாக எப்போது?

ஹெராயின் என்றால் அறிகுறிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மெத்தடோனுக்கு 1 முதல் 3 நாள் ஆகலாம். புப்ரினார்ஃபினும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தலைகாட்டும், சில சமயம் இன்னும் தாமதமாகும். முதல் நாள் குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறதே என்று கவனிப்பதை விட்டுவிடாதீர்கள்.

தாயிடம் தனியாக, அமைதியாகக் கேளுங்கள். விசாரணை மாதிரிக் கேட்டால் பதில் வராது. சிகரெட், மனச்சோர்வு மாத்திரை, தூக்க மாத்திரை பற்றியும் கேட்க வேண்டும், அவையும் குழந்தையிடம் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டலாம். குழந்தையின் சிறுநீர்ப் பரிசோதனை பிரசவத்துக்கு முந்தைய சில நாட்களைத்தான் சொல்லும். முதல் கருப்பு மலத்தில் கர்ப்பத்தின் பின்பாதி முழுக்கப் பதிவாகியிருக்கும்.

படி 2: ஸ்கோர் போடும் நேரம்

ஒவ்வொரு அறிகுறிக்கும் இத்தனை புள்ளி என்று போட்டுக் கூட்டுவதுதான் ஸ்கோர். பல இடங்களில் புழங்குவது 1975-இல் அமெரிக்க மருத்துவர் லொரெட்டா ஃபின்னகன் வெளியிட்ட அட்டவணையின் திருத்திய வடிவம். 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை, பால் குடித்த பிறகு போடுவது வழக்கம். பசியில் கத்தும் குழந்தைக்கு ஸ்கோர் போட்டால் பசிக்குத்தான் மார்க் போடுவீர்கள். தூங்கும் குழந்தையை இதற்காக எழுப்பவும் வேண்டாம்.

புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எழுதும் எண் அந்த நிமிடத்துக்கானதாக இருக்கக் கூடாது, போன ஸ்கோரிலிருந்து இதுவரை நடந்த முழு இடைவெளிக்கும் சேர்த்தது. எத்தனை தும்மல், எவ்வளவு நேரம் தூங்கியது என்று கூடவே இருக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

படி 3: தொடாமல் பார், அப்புறம் தொடு

தொட்டிலருகே இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். தொடாமலேயே கை நடுங்கினால் லேசான நடுக்கத்துக்கே 3 புள்ளி. துணியைப் பிரித்தபின் லேசாக நடுங்கினால் 1-தான். சட்டென்று துணியை உருவிவிட்டால் இந்த வித்தியாசமே தெரியாமல் போகும். அழாதபோது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் குறிக்க வேண்டும். அடுத்து முகவாய், மூக்கு நுனி, முழங்கால். துணியில் உரசி உரசித் தோல் சிவந்திருக்கும்.

நடுங்கும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அது நடுக்கம். பிடித்த பிடிக்குள்ளும் வெட்டிக்கொண்டே இருந்தால் வலிப்பாக இருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தசை இறுக்கத்தையும் மோரோ அனிச்சையையும் (திடுக்கிட்டுக் கைகளை விரிப்பது) அழும் குழந்தையிடம் சோதிப்பதில் அர்த்தமில்லை. குறைமாதக் குழந்தைகள் அறிகுறிகளைக் குறைவாகவே காட்டும், அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

படி 4: கூட்டிப் பார்ப்போம்

இரண்டு நாள் வயது, தாய்க்கு மெத்தடோன் சிகிச்சை (ஓபியாய்டு பழக்கத்துக்கான மாற்று மருந்து) என்று வைத்துக்கொள்வோம். பால் குடித்தபின் ஒன்றரை மணி நேரம் தூங்கியது: 2. தொட்டால் நன்றாகவே நடுங்குகிறது: 2. தசை இறுக்கம்: 2. ஐந்து தும்மல்: 1. இளகிய மலம்: 2. மொத்தம் 9.

பதற வேண்டாம். அடுத்தடுத்து மூன்று முறை 8-ஓ அதற்கு மேலோ, இல்லையென்றால் இரண்டு முறை 12-ஓ அதற்கு மேலோ வந்தால்தான் பொதுவாக மருந்துப் பேச்சு எழும். அதுவரை விளக்கைக் குறைத்து, துணியில் இதமாகச் சுற்றி, சிறுகச் சிறுகப் பால் கொடுத்து, தாயின் மார்போடு சேர்த்து வைத்தாலே அடுத்த எண் இறங்குவதைப் பலமுறை பார்க்கலாம். சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய், வேறு தடை இல்லையென்றால், தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

எண் ஏறும்போது இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். ரத்தச் சர்க்கரை குறைவு, கால்சியம் குறைவு, கிருமித்தொற்று, தைராய்டு மிகைப்பு, மூளையில் ரத்தக்கசிவு எல்லாமே இதே வேஷம் போடும். சர்க்கரையைக் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எண்ணே இல்லாத வழி

சில வார்டுகளில் மூன்றே கேள்விகள்தான். குழந்தை போதுமான அளவு பால் குடிக்கிறதா? தொந்தரவில்லாமல் ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? அழுதால் 10 நிமிடத்துக்குள் சமாதானமாகிறதா? அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் குழந்தைகள் சராசரியாக 8 நாளில் வீட்டுக்குப் போகத் தயாராயின. வழக்கமான முறையில் கிட்டத்தட்ட 15 நாள். மருந்து தேவைப்பட்டதும் 52 சதவீதத்திலிருந்து 20-க்குக் குறைந்தது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் உங்கள் வார்டு எதைப் பின்பற்றுகிறதோ அதையே செய்யுங்கள், இரண்டையும் கலந்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தலைசுற்றும்.

மறக்கக் கூடாத ஒன்று: இப்படிப்பட்ட குழந்தை பிறந்ததும் மூச்சுவிடத் திணறினால், நலாக்சோன் ஊசியை (ஓபியாய்டின் வேலையைச் சட்டென்று முறிக்கும் மருந்து) எடுக்காதீர்கள். திடீர் விலகலில் வலிப்பு வந்துவிடும். பை-மாஸ்க்கால் (முகமூடியோடு சேர்ந்த, கையால் அழுத்தும் காற்றுப் பை) மூச்சுக்கு உதவுவதே முதல் வேலை.