படித்த வரியைக் கேள்வியாக்குவது எப்படி? நர்சிங், மருத்துவ அறிவியல் மாணவர்களுக்கான செய்முறை

"ஃபியூரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும்." நர்சிங் படிக்கும் யாருடைய நோட்டைத் திறந்தாலும், சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்தான ஃபியூரோசமைடைப் பற்றிய இந்த வரி இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் மார்க்கரும் போட்டிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதே மாணவரிடம், "இந்த நோயாளி ஃபியூரோசமைடோடு டிகாக்சின் என்ற இதய மருந்தும் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகப் பசியே இல்லை, இன்று காலை வாந்தி. 8 மணி டிகாக்சினைக் கொடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் தடுமாறிவிடுவார்கள். வரி அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் அவர்களிடம் கேள்வியாகக் கேட்டதில்லை. அவர்களும் தங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஆயத்தக் கேள்வித் தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே ஒரு கேள்வி எழுதிப் பழகிய பிறகு அவற்றைத் தொட்டால் கிடைக்கும் பலன் வேறு. அதனால் கேள்வி எழுதுவதில் தொடங்குவோம். மேலே சொன்ன அந்த ஒரே வரியைக் கடைசி வரை கூட்டிச் செல்கிறேன்.

படி 1: எந்த வரி கேள்விக்கு உகந்தது?

ஒரு பாடத்தில் 200 வரி இருந்தால் 200 கேள்வி எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிடமும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது தெரிந்தால் நோயாளியின் பக்கத்தில் நின்று நான் செய்வது மாறுமா? மாறும் என்றால் அந்த வரியை எடுங்கள்.

பிறந்த குழந்தையின் நிலையை ஐந்து அம்சங்களில், தலா 0 முதல் 2 வரை மதிப்பிடும் அப்கார் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா அப்கார் என்ற மருத்துவர் 1952-இல் அதைக் கொண்டுவந்தார் என்பது தெரிந்திருக்கட்டும், நல்லது. ஆனால் கேள்வி அங்கே இல்லை. பிறந்து 1 நிமிடமான குழந்தை: இதயத் துடிப்பு 110, மூச்சு மெதுவாக, ஒழுங்கில்லாமல். கைகால்கள் லேசாக மடங்கியிருக்கின்றன, தூண்டினால் முகம் சுளிக்கிறது, உடல் இளஞ்சிவப்பு, கை கால் நுனிகள் நீலம். மதிப்பெண் எத்தனை? 2, 1, 1, 1, 1 என்று கூட்டினால் 6. இதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குழந்தை மூச்சே விடாமல் இருந்தால் 1 நிமிடம் ஆகட்டும், மதிப்பெண் போட்டுவிட்டு உதவலாம் என்று காத்திருப்பீர்களா? கூடாது. மூச்சுக்கான உதவி உடனே தொடங்க வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்வியில்தான் வெளிப்படும்.

படி 2: ஒரு வரிக்கு மூன்று கேள்வி

எடுத்த வரிக்கு முதலில் "என்ன", அப்புறம் "ஏன்", கடைசியாக "இப்போது என்ன செய்வீர்கள்" என்று மூன்று கேள்வி எழுதுங்கள்.

என்ன: ரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக எவ்வளவு இருக்க வேண்டும்? லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லி ஈக்விவலண்ட்.

ஏன்: ஃபியூரோசமைடு எப்படிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது? சிறுநீரகத்தின் ஹென்லி வளைவில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. மிச்சமான சோடியம் குழாயின் பின்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே சோடியத்தை உள்ளே இழுக்கும்போது பொட்டாசியம் வெளியே போகிறது. சரி, டிகாக்சினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதயத் தசைச் செல்லில் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பில் டிகாக்சினும் பொட்டாசியமும் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினுக்கு இடம் தாராளம். ரத்தத்தில் மருந்தின் அளவு கூடாமலேயே அதன் நச்சுத்தன்மை தலைகாட்டத் தொடங்கும்.

இந்த "ஏன்" படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கைவேலை நிறைய இருக்கும் படிப்பு என்பதால் இதை விட்டுவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் நாளைக்கு வேறொரு மருந்து பொட்டாசியத்தைக் குறைக்கிறது என்று படிக்கும்போதே "அப்படியானால் டிகாக்சின் நோயாளிக்கு ஆபத்து" என்று தானாகவே தோன்றும். ஒரு "ஏன்" பத்து வரியை மனப்பாடம் செய்யும் வேலையைக் குறைத்துவிடும்.

படி 3: மூன்றாவது கேள்விக்கு ஒரு நோயாளியைக் கொடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். "இப்போது என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு ஆள் வேண்டும், வயது வேண்டும், எண்கள் வேண்டும். நான்கு விடைகளும் வேண்டும். நம் வரிக்கு இப்படி எழுதலாம்:

இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃபியூரோசமைடும் எடுத்துவரும் 72 வயது பெண்மணி, இரண்டு நாளாகப் பசியில்லை என்கிறார். காலையில் ஒரு முறை வாந்தி எடுத்திருக்கிறார். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். 8 மணி டிகாக்சின் கொடுக்க வேண்டிய நேரம். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது?

அ. மருந்தைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பல்ஸ் பார்ப்பது
ஆ. வாந்தியை நிறுத்த மருந்து எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பது
இ. ஏப்பிக்கல் பல்ஸை (நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பை) முழு 1 நிமிடம் எண்ணுவது
ஈ. பொட்டாசியம் மாத்திரை கொடுப்பது

விடை இ. அதை எழுதியதோடு நிறுத்தாதீர்கள். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று தலைக்கு ஒரு வரி எழுதினால்தான் கேள்வி முழுமையாகும். அ: பசியின்மை, வாந்தி, மஞ்சள் வளையம் என்று டிகாக்சின் நச்சுக்கான அறிகுறி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது இன்னொரு டோஸ் ஏற்றுவது. ஆ: வாந்தியைத் தனி நோயாகப் பார்ப்பது, உண்மையில் அது எச்சரிக்கை. ஈ: ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமலும், டாக்டரின் உத்தரவு இல்லாமலும் மருந்து கொடுப்பது.

தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? உண்மையில் மனிதர்கள் செய்யும் தவறுகளிலிருந்துதான். "நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது" என்று ஒரு விடை வைத்தால் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், உங்களுக்கும் ஒன்றும் புரியாது. அவசரத்தில் நீங்களே செய்துவிடக்கூடிய ஒன்றை வைத்தால் அது உங்களை நிறுத்தி யோசிக்கவைக்கும். மேலே உள்ள "ஆ" அப்படிப்பட்டதுதான். வாந்தி என்றதும் வாந்தி மருந்துக்குக் கை போவது இயல்பு.

இதே நோயாளியை வைத்து அடுத்த கேள்வியும் எழுதலாம். எண்ணிப் பார்த்தீர்கள், பல்ஸ் 52. பொட்டாசியம் 2.9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இனி? பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் டிகாக்சினை நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொல்வது வழக்கம். ஈசிஜி மானிட்டரில் போடுவதும், டிகாக்சின் அளவைப் பார்க்க ரத்த மாதிரி எடுப்பது பற்றிக் கேட்பதும் அடுத்தடுத்து வரும். பொட்டாசியத்தை ஊசியாக ரத்தக் குழாயில் நேரடியாகத் தள்ளலாமா என்று ஒரு கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். ஒருபோதும் கூடாது, இதயம் நின்றுவிடும். நீர்த்துப்போகச் செய்து, மெதுவாக, கண்காணிப்போடு மட்டுமே ஏற்ற வேண்டும். இந்த ஒரு விடை யாருக்கும் தவறிவிடக் கூடாது.

படி 4: மற்றவர் எழுதிய கேள்வியைப் படிக்கும் விதம்

இப்போது கேள்வித் தொகுப்பைத் திறக்கலாம். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். "முதலில்" என்று கேட்கிறார்களா, "மிக முக்கியமான" என்று கேட்கிறார்களா? நோயாளி சொன்ன எந்த வாக்கியம் "மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டுகிறது" என்று கேட்டால், நீங்கள் தேட வேண்டியது தவறான வாக்கியத்தை. பாடம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது.

முன்னுரிமைக் கேள்விகளில் சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை உதவும். "செயலுக்கு முன் மதிப்பீடு", அதாவது எதையும் செய்யும் முன் நோயாளியின் நிலையைப் பார்ப்பது என்ற விதியும் உதவும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஓர் உதாரணம்: சர்க்கரை நோயாளிக்கு வியர்வை, கை நடுக்கம், சர்க்கரை அளவு 54, விழிப்போடு இருக்கிறார், விழுங்க முடிகிறது. முதலில் என்ன? இங்கே மதிப்பீடு கேள்விக்குள்ளேயே முடிந்துவிட்டது. உடனே உறிஞ்சப்படும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். "ரத்த அழுத்தம் பார்ப்பது" என்ற விடை விதிப்படி சரியாகத் தோன்றும், ஆனால் நேரம் வீண். கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்: விழிப்பு இல்லை. இப்போது வாய்வழியாக எதுவும் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககான் ஊசி அல்லது ரத்தக் குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல். இப்படி ஒரு சொல்லை மாற்றி விடையும் மாறுகிறதா என்று பார்ப்பது எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த பயிற்சி.

படி 5: கணக்குக் கேள்விகள்

கணக்கு என்றாலே ஒதுங்குபவர்கள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பேனாவை எடுக்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனத்தில் சொல்லிக்கொள்வது.

1000 மில்லி டிரிப், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். மணிக்கு 125 மில்லி. நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லி. அப்படியானால் சொட்டு 40-ஐ ஒட்டி வரவேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. உங்களுக்கு 420 என்றோ 4 என்றோ வந்திருந்தால் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

குழந்தைகளுக்கான டோஸ் கேள்வியில் நீங்களே ஒரு பொறி வையுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், குழந்தையின் எடை 26.4 பவுண்டு. பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் டோஸ் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். 2.2-ஆல் வகுத்தால் 12 கிலோ, 180 மில்லிகிராம், 7.5 மில்லி. விடை எழுதும்போது 0.5 என்று எழுதுங்கள், முன்னால் உள்ள சுழியை விடாதீர்கள். 5 என்பதை 5.0 என்று எழுதாதீர்கள். புள்ளி கண்ணில் படாமல் போனால் அது 50.

படி 6: திரும்பக் கேட்பது

எழுதிய கேள்விக்குப் புத்தகத்தை மூடிவைத்துப் பதில் எழுதுங்கள். மனத்துக்குள் "தெரியும்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால் கணக்கில் சேராது. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பப் படிப்பது ஏன் நம்பிக்கை தருகிறது, அந்த நம்பிக்கை ஏன் வார்டு வரை வருவதில்லை என்பது இதில் புரியும்.

அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளி விட்டுக் கேளுங்கள். தவறிய கேள்விக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, தெரிந்தும் முன்னுரிமை மாறிவிட்டதா? மூன்றுக்கும் மருந்து வேறு. இரண்டாவது காரணம் அடிக்கடி வந்தால் இன்னும் நான்கு அத்தியாயம் படித்தும் பயனில்லை. படி 4-க்குத் திரும்புங்கள்.

முடிந்தால் ஒரு நண்பரோடு கேள்விகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் இரண்டு விடை சரியாக இருப்பதை அவர்தான் கண்டுபிடிப்பார்.

நர்சிங் அல்லாத துறையினருக்கு

முறை இதேதான். லேப் மாணவர் அதே பொட்டாசியத்தை வேறு பக்கத்திலிருந்து கேட்கலாம்: ரிப்போர்ட் 6.8 காட்டுகிறது, சீரம் சிவந்திருக்கிறது, நோயாளியோ நன்றாக இருக்கிறார். எண்ணை அப்படியே அனுப்புவீர்களா? மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கூட்டிக் காட்டும். புதிய மாதிரி கேட்க வேண்டும். பிசியோதெரபி மாணவருக்கு: பின்பக்க அணுகுமுறையில், அதாவது இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து, இடுப்பு மூட்டு மாற்றிய நோயாளி தாழ்வான நாற்காலியில் உட்காரப் போகிறார், ஏன் தடுப்பீர்கள்? இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு நழுவும் ஆபத்து.

இன்றைக்கு ஒரு வரி

இதைப் படித்து முடித்த கையோடு இந்த வரியை எடுங்கள்: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்துள்ளவருக்கு ஆக்சிஜன் செறிவு இலக்கு 88 முதல் 92 சதவீதம். நோயாளியை நான் தருகிறேன். 66 வயது, 84 சதவீதத்தோடு வந்தவர், யாரோ மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இப்போது மானிட்டரில் 99. பக்கத்தில் நிற்கும் உறவினர், "இப்பத்தான் நிம்மதியா தூங்குறார்" என்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 9. கேள்வியையும் நான்கு விடைகளையும் நீங்கள் எழுதுங்கள். உறவினரின் அந்த வாக்கியத்தைத் தவறான விடைகளில் ஒன்றுக்குள் எப்படி வைப்பது என்று யோசித்துப் பாருங்கள்.