படத்தின் அளவைக் கேட்டால் ஏன் 0 வருகிறது?

ஒரு படத் தொகுப்புப் பக்கம் எழுதினேன். என் கணினியில் எத்தனை முறை திறந்தாலும் படங்கள் ஒழுங்காக வந்தன. நண்பர் திறந்தபோது எல்லாம் கோடு மாதிரி நசுங்கிக் கிடந்தன. என் பிரவுசரின் கேஷில் (முன்பு இறக்கியவற்றைச் சேமித்து வைக்கும் இடம்) படங்கள் ஏற்கெனவே இருந்தன, அவருடையதில் இல்லை. அதனால் படம் வருமுன்பே என் ஜாவாஸ்கிரிப்ட் அதன் அளவைக் கேட்டு 0 வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று: அளவைக் கேட்கப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கோடில் (code) அடிக்கும்போது நேச்சுரல்விட்த் (naturalWidth) என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதில் விட்டுக்கொடுக்காது.

படி 1: எந்த அளவு வேண்டும்?

1200×800 பிக்சல் படம் ஒன்றை 300 பிக்சல் அகலத்தில் காட்டுகிறீர்கள். சுற்றிலும் 10 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 5 பிக்சல் பார்டர். பாக்ஸ் சைஸிங்கை (அகலத்தில் பேடிங்கும் பார்டரும் சேருமா என்று சொல்லும் சிஎஸ்எஸ் அமைப்பு) நீங்கள் மாற்றவில்லை. இப்போது நேச்சுரல்விட்த் 1200 சொல்லும், விட்த் 300 (காட்டப்படும் படம் மட்டும்), கிளையண்ட்விட்த் 320 (பேடிங்கும் சேர்த்து), ஆஃப்செட்விட்த் 330 (பார்டரும் சேர்த்து). நான்குமே சரியான விடைகள்தான், கேள்விகள்தான் வேறு. படத்தின் சொந்த அளவு வேண்டுமென்றால் நேச்சுரல்விட்த், நேச்சுரல்ஹைட். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை இவை கிடையாது என்பதால், பழைய கோடில் இதற்கென்றே சுற்றுவழிகளைப் பார்ப்பீர்கள். இன்று அவை தேவையில்லை.

படி 2: படம் வரும்வரை பொறுங்கள்

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. டாம்கன்டென்ட்லோடட் நிகழ்வு பக்கத்தின் எச்டிஎம்எல் படித்து முடிந்ததைச் சொல்கிறது, படங்கள் வந்துவிட்டதை அல்ல. அப்போது அளந்தால் 0 வரலாம். அந்தப் படத்தின் சொந்த லோட் நிகழ்வுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதிலும் ஒரு பொறி. கேஷிலிருந்து வந்த படம் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் முன்பே லோட் ஆகி முடிந்திருக்கலாம். பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நிற்பது போல, லிஸனர் (நிகழ்வு நடந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சும்மா காத்துக்கொண்டிருக்கும். அதனால் அளக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள். படத்தின் கம்ப்ளீட் என்ற பண்பு ட்ரூ என்றால் அதை உடனே கூப்பிடுங்கள், ஃபால்ஸ் என்றால் லோட் லிஸனரில் கொடுங்கள். நியூ இமேஜ் போட்டு நீங்களே படம் உருவாக்கினால் லிஸனரை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் எஸ்ஆர்சி (படத்தின் முகவரி) கொடுங்கள்.

லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் இறக்குவது) போட்ட படம் திரைக்கு அருகே வரும்வரை இறங்காமலே இருக்கலாம். விண்டோவின் லோட் நிகழ்வும் அதற்காகக் காத்திருக்காது.

படி 3: உடைந்த படம்

கம்ப்ளீட் என்றால் படம் நன்றாக வந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் "முயற்சி முடிந்தது" என்றுதான் அர்த்தம். முகவரி தவறாக இருந்தாலும் ட்ரூ வரும். நேச்சுரல்விட்த் 0-ஐவிடப் பெரிதா என்று சேர்த்துப் பாருங்கள். எரர் நிகழ்வுக்கும் ஒரு லிஸனர் வையுங்கள்.

படி 4: திரையில் பிடிக்கும் இடம்

இதற்கு கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட். ஆஃப்செட்விட்த் முழு எண்ணாக்கித் தரும், இது 299.5 என்றால் 299.5 என்றே தரும். சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மில் படத்தை இரட்டிப்பாக்கினால் இதுவும் இரட்டிப்பாகும். டிஸ்பிளே நன் என்று மறைத்த படத்துக்கு இரண்டிலும் 0 தான். நேச்சுரல்விட்த் மட்டும் அப்போதும் சரியாகச் சொல்லும்.

பிடிவாதக்காரர்கள்

எஸ்ஆர்சிசெட்டில் (திரைக்கேற்ப எந்தக் கோப்பு என்று சொல்லும் பட்டியல்) 2எக்ஸ், அதாவது இரட்டை அடர்த்தி, என்று குறித்த 1200 பிக்சல் கோப்புக்கு நேச்சுரல்விட்த் 600 என்றே வரும், அடர்த்தியால் வகுத்துத் தருவதுதான் விதி. செங்குத்தாக எடுத்த போன் படங்களில், 2020-க்கு முந்தைய சில பிரவுசர்களில் அகலமும் உயரமும் இடம் மாறி வரும். கோப்புக்குள் இருக்கும் திசைக் குறிப்பை அவை மதிக்கவில்லை. அகலம், உயரம் எழுதாத எஸ்விஜி (கோடுகளாலும் வடிவங்களாலும் வரையப்படும் படக் கோப்பு) படத்திடம் அளவு கேட்பது வீண் வேலை. பிரவுசருக்குப் பிரவுசர் பதில் மாறியிருக்கிறது. கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சோதிக்கும்போது டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பகுதியில் கேஷை அணைத்து, வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். என் நண்பர் பார்த்த நசுங்கல் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.