தீராத இடுப்பு வலி: நாம் அக்கறையோடு செய்யும் தவறுகள்

எங்கள் ஊரில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது, "பேசாம கொஞ்ச நாள் படுத்துக்கங்க" என்பதுதான். நானும் அப்படித்தான் படுத்தேன். மதுரை தெற்குமாசி வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. திடீரென்று ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொள்ள, மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்தேன். வலி அப்படியே இருந்தது. அதற்கு மேல், பாத்ரூம் வரை நடப்பதற்கே கால் நடுங்க ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. வலி இன்னமும் வந்து போகிறது. ஆனால் அதற்காக நான் படுப்பதில்லை.

வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வெடுக்கலாம், தவறில்லை. அதற்கு மேல் படுத்தால் முதுகுத்தண்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் மெலிந்துவிடும். எழுந்ததும் முன்பைவிட அதிகமாக வலிக்கும், பயந்து மறுபடி படுப்போம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்தில், பெரும்பாலானவர்களுக்கு, வலிக்கிறது என்பதற்காக உள்ளே புதிதாக ஏதோ கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. நரம்புகள் சின்ன அசைவுக்கும் கூச்சல் போடப் பழகிவிடுகின்றன. குனிந்தால் வலிக்குமே என்று குனியாமலே இருந்தால் கொஞ்ச நாளில் குனியவே வராது.

இந்தப் பயத்தை வளர்ப்பதில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மேலூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவிடம் "எலும்பு தேஞ்சிருக்கு, ஜவ்வு விலகியிருக்கு" என்று சொன்ன நாளிலிருந்து அவர் பேத்தியைத் தூக்குவதை விட்டுவிட்டார். அந்தப் பிள்ளை இடுப்பில் ஏறுவதற்குக் கையை நீட்டி அழும், இவரும் அழுவார். அவரிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்: வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. அதில் இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, தேய்ந்திருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். வயது ஏற ஏற எல்லோருக்கும் தேய்கிறது, வலி எல்லோருக்கும் வருவதில்லை. ரிப்போர்ட்டை மருத்துவர் படிக்கட்டும். உங்களால் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்து உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்.

சரி, படுக்கவில்லை, பயமும் இல்லை. அப்போதும் ஒரு தவறு காத்திருக்கிறது. என் அனுபவத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான்: வலி இல்லாத நாளில் பாக்கி வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. பொங்கலுக்கு முன்னால் பாருங்கள். காலையில் இடுப்பு லேசாக இருக்கிறதே என்று ஒட்டடை அடித்து, பரண் பாத்திரத்தை எல்லாம் இறக்கித் தேய்த்து, தரையைக் கழுவிவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடக்கும் பெண்கள் எத்தனை வீட்டில்! நான்கு நாள் கிடந்து, ஐந்தாம் நாள் தேறியதும் சேர்ந்துபோன வேலையைப் பிடித்து மறுபடி இழுப்பார்கள். அதற்குப் பதிலாக ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். வலி இருக்கும் நாளிலும் அந்த அளவில் கொஞ்சமாவது செய்யுங்கள். வலி இல்லாத நாளில் அதைத் தாண்டாதீர்கள். ஒட்டடை இன்றைக்கு, பரண் நாளைக்கு, தரையை வீட்டில் வேறு யாராவது கழுவட்டும். வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டு ஆண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், பெண்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

தண்ணீர் கேனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, உடம்பைத் திருப்பிக் கவிழ்க்கிறோம். கேனைக் கீழேயே வைத்து வாயில் மாட்டும் சின்னப் பம்பு கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். குடம் தூக்கியே ஆக வேண்டிய வீடு என்றால் நிறைகுடமாக ஒன்றைத் தூக்குவதைவிட அரைக்குடமாக இரண்டு நடை போவது நல்லது. உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி எழுந்து, திரும்ப வேண்டுமானால் பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள்.

நடை என்று சொன்னால் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வலிக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குத் தெப்பக்குளம் இருக்கிறது. சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நான் முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் நடந்து திரும்பினேன். அடுத்த வாரம் இரண்டு பக்கம். முழுச் சுற்று வர ஒரு மாதம் பிடித்தது. வெயில் ஏறுவதற்குள், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவேன். இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை நடக்கப் பழக்கிய குழுவில் பாதிப் பேருக்கு 208 நாள் வரை அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்பவில்லை. மற்றவர்களில் அது 112 நாள். செருப்பு ஒன்றுதான் செலவு.

செலவு என்றதும் பெல்ட் ஞாபகம் வருகிறது. வருடக்கணக்கில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றாமல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் உங்களுக்கு ஏற்ற நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வந்தால் அது ஆயுசுக்கும் உதவும்.

"கட்டாந்தரையில் படுத்தால் சரியாகிவிடும்" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. 2003-இல் ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்தபோது ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. பாயில் சுகமாக இருந்தால் பாய். இல்லையென்றால் வைராக்கியம் வேண்டாம்.

கல்லாவிலோ தையல் மெஷினிலோ மணிக்கணக்கில் உட்காருபவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். கடைப் பையனை அனுப்பாமல் டீ வாங்க நானே போவேன், அவ்வளவுதான்.

வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பது எல்லாம் இதமானவை, செய்துகொள்ளுங்கள். ஆனால் கால் மரத்துப்போயிருக்கும்போது சுளுக்கு வழிப்பவரிடம் போய் இடுப்பை முறுக்கவோ சொடுக்கவோ விடாதீர்கள். மருந்துக்கடையில் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது அதைவிட ஆபத்து. டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடியும் வேண்டாம்.

இத்தனை நேரம் பயப்படாதீர்கள் என்றேன். பயப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்தபின் வந்த கடும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் வந்த உடம்பு. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பில் காசநோய் வருவதும் நம் நாட்டில் உண்டு. ஒன்றுக்கு வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்ச்சி மரத்தாலோ, கால் வலுவிழந்துகொண்டே வந்தாலோ நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கு பார்க்க வேண்டிய அவசரம் அது. நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் ஒன்றுக்குப் போகும் விஷயத்தைத்தான் அங்கே முதலில் சொல்ல வேண்டும்.